தட்டுக்கு மட்டும்தான் வாரண்டி

காலையில் பல் தேய்த்துக்கொண்டே ரெக்ஸன் கேட்ட ஒரு கேள்வியில் அது தொடங்கியது.

"டெல்சிக்கு எப்பம் லீவு விடுதாங்க?"

அடுப்படியில் நின்றிருந்த ஜொவிட்டாவின் கை அப்படியே நின்றது. டெல்சி அவர்களுடைய ஒரே மகள். அவள் இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. திரும்பிப் பார்த்தாள். ரெக்ஸன் வாய் நிறைய நுரையோடு, பதிலுக்காகச் சாதாரணமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டு நிமிடம் கழித்து அவர் முகம் மாறியது. தான் என்ன கேட்டோம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது. வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். அவருடைய கை வலது காதின் பின்புறத்தைத் தடவியது. அங்கேதான் தோலுக்கு அடியில் தட்டு இருந்தது.

தூத்துக்குடி துறைமுகத்தில் ரெக்ஸன் கண்டெய்னர்களைக் கப்பலோடு பிணைத்துக் கட்டும் வேலை பார்த்தவர். ஆறு வருடங்களுக்கு முன்னால் மேலிருந்து ஓர் இரும்புப் பூட்டு நழுவி அவர் தலையில் விழுந்தது. உயிர் பிழைத்தார். பழையது எல்லாம் நினைவிருந்தது. புதிதாக எதுவும் தங்கவில்லை. பார்க்க வந்தவர்கள் அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பினால், அப்போதுதான் வந்தவர்களைப் போல வரவேற்றார். கடைசியில் மதுரைக்குக் கூட்டிப்போய் நினைவுத்தட்டு வைத்தார்கள். கட்டைவிரல் நகம் அளவு. அன்றிலிருந்து அவர் பார்த்தது, கேட்டது, பேசியது எல்லாம் அந்தத் தட்டில் பதிந்து, தேவைப்படும்போது மூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. வாரண்டி பத்து வருடம்.

அந்த வாரத்திலேயே அவர் இன்னும் நான்கு தடவை தவறினார். இடிக்கப்பட்டுவிட்ட மீன் மார்க்கெட்டுக்குப் போய் வெறும் மைதானத்தில் நின்றார். வீட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டார். சனிக்கிழமை மறுபடியும் டெல்சியின் லீவைப் பற்றிக் கேட்டார். இந்த முறை அவர் முகம் தெளிய அரை நாள் ஆயிற்று.

ஜொவிட்டா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். பத்து மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டில் தனியாக உட்கார்ந்து, கப்பலிலிருந்து கண்டெய்னர்களை எடுத்து லாரிகளில் இறக்குவாள். ஒரு சாண் தப்பினால் கீழே ஆள் போய்விடும். பதறாமல் வேலை பார்க்கப் பழகியவள். லீவு போட்டுவிட்டு, கணவனைக் கூட்டிக்கொண்டு மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போனாள்.

அங்கே நஸ்ரின் என்ற டெக்னீசியன் இருந்தாள். முப்பது வயது இருக்கும். ரெக்ஸனின் காதருகே ஒரு கருவியை வைத்துப் பார்த்துவிட்டுத் திரையை ஜொவிட்டா பக்கம் திருப்பினாள். வெள்ளைப் பரப்பில் கறுப்புத் திட்டுகள்.

"தட்டு கெட்டுப்போச்சுங்கம்மா. இந்தக் கறுப்பெல்லாம் படிக்க முடியாத இடம். இது நிக்காது, பரவிக்கிட்டே போகும். ஒரு மாசம் தாங்குறதே பெருசு. வாரண்டி இருக்கு, புதுத் தட்டு ஃப்ரீயா வச்சிருவோம்."

"இதுல உள்ளத அதுல மாத்திருவியளா?"

நஸ்ரின் ஒரு தாளை நகர்த்தினாள். பொடி எழுத்துகள் நிறைந்த அந்தத் தாளில் பதினான்காவது பத்தியின் மேல் அவள் விரல் நின்றது. உத்தரவாதம் தட்டுக்கு மட்டுமே. தட்டில் பதிந்துள்ளவற்றுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. அவற்றைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் கடமை.

பிரதி எப்படி எடுப்பது என்று ஜொவிட்டா கேட்டாள். வெளியில் யாரும் எடுக்க முடியாது, தட்டுக்குப் பூட்டு இருக்கிறது, கம்பெனியால் மட்டுமே முடியும் என்றாள் நஸ்ரின். அப்படியானால் கம்பெனி எடுத்துக் கொடுக்குமா? கொடுக்காது, அந்தச் சேவை கிடையாது.

"அப்பம் எடுக்க முடியாத ஒண்ண எடுத்து வைக்காதது எங்க தப்பு. அப்பிடித்தான?"



சென்னையில் இதைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுத் தருகிறவர்கள் இருப்பதாக ஜொவிட்டா கேள்விப்பட்டிருந்தாள். அதையும் கேட்டாள். சீலை உடைத்தால் வாரண்டி போய்விடும், புதுத் தட்டு கிடைக்காது என்று பதில் வந்தது. புதுத் தட்டு இல்லையென்றால் ரெக்ஸன் பழையபடி ஐந்து நிமிட மனிதராகிவிடுவார். மாற்றினாலோ, பழைய தட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்தே ஆக வேண்டும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு போகவும் வழியில்லை. அது கம்பெனிச் சொத்து.

ஜொவிட்டா மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் ஒரு நம்பர் கொடுத்தார். அந்த நம்பரில் ஒரு இயந்திரக் குரல், அழைப்புக்கு நன்றி சொல்லி, பதினான்காவது பத்தியைப் படித்துக் காட்டியது. இருபது நாள் இப்படியே போயிற்று. அதற்குள் ரெக்ஸன் ஒரு நாளைக்கு மூன்று முறை டெல்சியைக் கேட்க ஆரம்பித்திருந்தார். மூன்று முறையும் ஜொவிட்டா சொன்னாள், மூன்று முறையும் அவர் அப்போதுதான் கேட்பதுபோல உடைந்தார். இருபத்தோராம் நாள் அவள் மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துபோய், வேறு தாள் கொண்டுவந்தார்கள்.

புதுத் தட்டோடு கண் விழித்த ரெக்ஸனுக்கு, நேற்று கப்பலில் வேலை செய்துகொண்டிருந்ததுதான் கடைசி ஞாபகம். ஆறு வருடம் ஒரே இரவில் போயிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டும்போது தன் வயிற்றைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். ஜொவிட்டாவின் நரைமுடியைத் தொட்டுப் பார்த்தார்.

இந்த முறை சொன்னால் தங்கிவிடும். ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அந்த ஒரு தடவைக்காக அவள் இரண்டு நாள் காத்திருந்து, ஒரு மத்தியானம் அவரை எதிரில் உட்கார வைத்துச் சொன்னாள். நம் மகள் கல்யாணம் முடித்தாள். பையன் கோவில்பட்டி, பேர் செண்பகராஜ், நல்ல பையன். இரண்டு வருடம் நன்றாக இருந்தாள். டெங்கு வந்தது. ஐந்தே நாள்.

ரெக்ஸன் கத்தவில்லை.  ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியா நான் அவகிட்ட என்ன பேசினேன்?"

 அந்தப் பதில் ஜொவிட்டாவுக்கு மனப்பாடம். வேறு மதத்துப் பையன் என்று ரெக்ஸன் கல்யாணத்துக்குப் போகவில்லை, அவளையும் போகவிடவில்லை. கல்யாணமான வருடக் கிறிஸ்துமஸ் அன்று டெல்சி போன் செய்தாள். ரெக்ஸன் போனை ஜொவிட்டாவின் கையிலிருந்து பிடுங்கி, "இது ராங் நம்பர், இனிமே கூப்பிடாத" என்று சொல்லி வைத்தார். ஜொவிட்டா அறிந்தவரை அதுதான் அவர் மகளிடம் பேசிய கடைசிப் பேச்சு. அதன் பிறகு அவர் அவளைப் பார்த்தது பெட்டியில். அன்று கல்லைப்போல நின்றார், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதற்காக ஜொவிட்டா அவரை மூன்று வருடமாக மன்னிக்கவில்லை. அவருக்குச் சோறு போட்டாள், மருந்து கொடுத்தாள், ஆஸ்பத்திரிக்கு அலைந்தாள். மன்னிக்க மட்டும் இல்லை.

"நல்லாத்தான் பேசினிய," என்றாள். "உடம்பப் பாத்துக்க-ன்னு சொன்னிய."

ரெக்ஸன் தலையாட்டினார். அப்போதுதான் அழுதார். அழுது முடித்துவிட்டு, அதையாவது சொன்னேனே என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றாள். அவளுக்கு வந்தது அழுகை அல்ல. இந்த மனிதர் செய்ததையெல்லாம் ஒரு கம்பெனி துடைத்துப் போட்டுவிட்டது. இவர் இப்போது நல்ல அப்பா. நடந்ததைச் சுமக்கிற ஒரே ஆள் அவள்தான்.

மறுவாரம் அவள் நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டாள். வக்கீல் வைக்கவில்லை. தன் கையாலேயே பதினோரு பக்கம் எழுதினாள். கணவனின் ஆறு வருடத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்பதுதான் அவள் கேட்டது. கம்பெனி வக்கீல் முதல் விசாரணையில், மனுதாரரின் வேதனையைத் தாங்கள் புரிந்துகொள்வதாகவும், ஆனால் இல்லாத ஒன்றைத் தர இயலாது என்றும், பழுதான தட்டு முறைப்படி அழிக்கப்பட்டுவிட்டது என்றும் சொன்னார். இரண்டாம் விசாரணையிலும் அதையே சொன்னார். அவர் குரலில் அலுப்புகூட இல்லை.

அன்று வெளியே வரும்போது மரத்தடியில் நஸ்ரின் நின்றிருந்தாள். ஜொவிட்டா அவளைத் தாண்டிப் போகப் பார்த்தாள். நஸ்ரின் குறுக்கே வந்தாள்.

"நான் வேலைய விட்டுட்டேம்மா. ஒண்ணு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். அவுங்க பொய் சொல்றாங்க. தட்ட அழிக்கிறது நெசந்தான். ஆனா அழிக்கிறதுக்கு முன்னாடி படிக்க முடியுற அளவுக்குப் படிச்சு எடுத்துருவாங்க. வர்ற தட்டு எல்லாத்தையும்."

"எதுக்கு?"

"அடுத்த மாடலத் தயார் பண்ணத்தான். மனுசன் கோவப்பட்டா எப்படிப் பதியுது, அழுதா எப்படிப் பதியுதுன்னு பாக்கணும்ல. அதுக்குன்னு ஒரு டீம் இருக்கு. உக்காந்து கேப்பாங்க, பாப்பாங்க. நானும் நாலு மாசம் அந்த டீம்ல இருந்தேன். அதுக்கு மேல என்னால முடியல."

ஜொவிட்டா அவளை அறைந்துவிடுவாள்போலப் பார்த்தாள். அன்றைக்கே இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்றாள் நஸ்ரின். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் அவள் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அதனாலேயே ஜொவிட்டாவின் கை இறங்கியது. ஆணையத்தில் வந்து இதைச் சொல்வாயா என்று கேட்டாள். அதற்காகத்தான் வந்தேன் என்றாள் நஸ்ரின்.

அவள் சாட்சி சொன்ன அன்று கம்பெனி வக்கீலின் குரல் முதல் முறையாக மாறியது. பிரதி இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அது நிறுவனத்தின் ஆய்வுச் சொத்து என்றார். வாடிக்கையாளர் கையெழுத்திட்ட தாளில் முப்பத்தோராம் பத்தியில் இதற்குச் சம்மதம் இருக்கிறது என்றார்.

நடுவில் உட்கார்ந்திருந்த உறுப்பினர் ஜொவிட்டாவைப் பார்த்து, ஏதாவது சொல்கிறீர்களா என்று கேட்டார். அவள் எழுந்தாள்.

"எம் புருசன் எம் மகளப் பத்தி நெனச்சது ஒங்க கம்பெனில யாரோ டீ குடிச்சிக்கிட்டு பாத்திருக்கான். எங்களுக்கு இல்லன்னு சொன்னத அவன் பாத்திருக்கான். வாரண்டி தட்டுக்குத்தான், உள்ள உள்ளதுக்கு இல்லன்னு சொன்னிய. உள்ள உள்ளதுக்கு மதிப்பு இல்லன்னா நீங்க ஏன் எடுத்து வச்சிய?"

வக்கீல் தாள்களைப் புரட்டினார். அதற்குப் பதில் எந்தப் பத்தியிலும் இல்லை.

மனுப் போட்டுப் பதினான்கு மாதங்கள் கழித்து உத்தரவு வந்தது. முப்பது நாட்களுக்குள் பிரதியை முழுமையாக ஒப்படைக்க வேண்டும். கம்பெனி முப்பதாவது நாள் ஒரு கடிதம் அனுப்பியது. தங்களிடம் இருப்பது முழுவதையும் ஒப்படைக்கத் தயார். மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம்.

ஆறு வருடத்துக்கு நாற்பத்தொரு மணி நேரம். ஜொவிட்டா கடிதத்தைத் திரும்பப் படித்தாள். இதயத் துடிப்பு மிக உயர்ந்திருந்த நிகழ்வுகள் மட்டும் ஆய்வுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. எஞ்சியவை பயனற்றவை என்பதால் நீக்கப்பட்டன. பயனற்றவை. அவர்கள் இரண்டு பேரும் சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றது, அவர் அவளுடைய சைக்கிளுக்குக் காற்றடித்தது, மழைக்கு மாடித் தண்ணீரை இருவருமாகத் துடைப்பத்தால் தள்ளியது எல்லாம் பயனற்றவை. கம்பெனிக்குத் தேவைப்பட்டது சண்டையும் சாவும். அதைத்தான் வைத்திருந்தார்கள். அதைத்தான் இப்போது அவருக்குள் வைக்கப்போகிறார்கள்.

அவள் போராடி வாங்கியது அதுதான்.

அன்றைக்கு அவள் கடிதத்தை ரெக்ஸனிடம் காட்டவில்லை. மறுநாள் காலையில் வேலைக்குப் போய்க் கூண்டில் உட்கார்ந்தாள். கண்டெய்னர் கம்பியில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கீழேயிருந்து வயர்லெஸ்ஸில் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் கை நகர்ந்தது. இறங்கி வந்து உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

"நான் ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்," என்றாள். "அவகிட்ட நீங்க நல்லபடியா பேசல."

எல்லாவற்றையும் சொன்னாள். போனைப் பிடுங்கியதை, ராங் நம்பரை, பெட்டிக்கு முன்னால் கல்லாக நின்றதை. நான்கு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் என்பதால் ஒன்றும் தடுமாறவில்லை. நடுநடுவே அவள் குரல் உயர்ந்தது. அந்தக் கோபம் எல்லாம் ஒரு நினைவும் இல்லாத மனிதரின்மேல் போய் விழுவது அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

ரெக்ஸன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"அத வைக்கட்டும்," என்றார். "நான் அவளத் திட்டினா, அவளும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பால்லா. அவ கொரல் அதுல இருக்கும்."

மதுரையில் இப்போது நஸ்ரினின் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். புதுத் தட்டில் இடம் நிறைய இருப்பதால், இடைப்பட்ட மாதங்களின் நினைவுகளுக்கு ஒன்றும் ஆகாது, பழைய மணி நேரங்களைப் பக்கத்தில் சேர்த்துவிடலாம் என்று விளக்கினார். ரெக்ஸனை உள்ளே கூட்டிப்போனார்கள். ஜொவிட்டா வராந்தா நாற்காலியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.  ஏதாவது சொல்வதா வேண்டாமா என்று அவர் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"நான் போயிருக்கேன், ஜொவி."

"எங்க?"

"கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கு. வியாழக்கெழம. அந்தப் பையன் எனக்குப் போன் பண்ணியிருக்கான். ஒன்கிட்ட சொல்லாமப் போயிருக்கேன். அவளப் பாத்தேன். கையப் பிடிச்சேன். என்ன மன்னிச்சிரு தாயின்னு சொன்னேன்."

ஜொவிட்டா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவ சிரிச்சா. அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா, சொன்னா கிரேன நடுவுல விட்டுட்டு இறங்கி ஓடி வந்துருவா, ஞாயித்துக்கெழம வீட்டுக்கு நானே வாரேன், ரெண்டு பேரும் சேந்து சொல்லுவோம்னா. சரின்னுட்டேன். சனிக்கெழம முடிஞ்சிட்டு." அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் எப்பிடிச் சொல்ல? ரெண்டு நாளா தெரிஞ்சும் ஏன் சொல்லலன்னு நீ கேப்ப. பெட்டி பக்கத்துல நிக்கும்போது அந்தப் பயம் மட்டுந்தான் எனக்கு இருந்திருக்கு. அதுவும் பதிஞ்சிருக்கு."

"கேப்பேன்," என்றாள் ஜொவிட்டா. "இப்பமும் கேக்கேன். ஏன் சொல்லல? சொல்லியிருந்தா நான் இறங்கி வந்திருப்பேன். எம் பிள்ளைய உசிரோட பாத்திருப்பேன்."

"ஆமா," என்றார் ரெக்ஸன்.

அவள் எழுந்து வாசல்வரை போனாள். இந்த மனிதரை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடலாம்போல இருந்தது. நான்கு வருடமாக அவர் போகவில்லை என்று கோபப்பட்டவள், இப்போது அவர் போனதற்காகக் கோபப்பட்டாள். அப்படியே நின்றவளுக்கு வேறொன்று உறைத்தது. டெல்சியின் கடைசிச் சிரிப்பு, அம்மாவைப் பற்றி அவள் சொன்னது, இதெல்லாம் பெற்ற தாய்க்கு முன்னால் யாரோ ஓர் அந்நியன் காதில் கருவி மாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு, பயனுள்ளது என்று குறித்து வைத்திருக்கிறான். 

திரும்பி வந்தபோது புது டெக்னீசியன் ஒரு படிவத்தோடு ரெக்ஸன் முன்னால் நின்றிருந்தார். நிறைய பேருக்கு இப்படிக் கஷ்டமாக இருக்கும் என்றும், வேண்டாத பகுதிகளைக் குறித்துக் கொடுத்தால் இன்றைக்கே அழித்துத் தந்துவிடுவதாகவும் தணிந்த குரலில் சொன்னார்.

"அழிக்கிறது வாரண்டில வரும் மேடம். ஒண்ணும் பிரச்சன இல்ல."

ரெக்ஸன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நீயே சொல் என்பதுபோலப் பார்த்தார்.

ஜொவிட்டா படிவத்தை வாங்கி நான்காக மடித்து அந்த மனிதரின் சட்டைப் பையிலேயே திணித்தாள்.

"ஒரு நிமிசம்கூட அழிக்கக் கூடாது," என்றாள்.

டெக்னீசியன் போன பிறகு நாற்காலியை இழுத்து, ரெக்ஸனின் முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். அவள் கோபம் எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்க வேண்டியிருந்தது.

"மொதல்ல இருந்து சொல்லுங்க. வியாழக்கெழம பஸ் ஏறினதுல இருந்து."

ரெக்ஸன் கண்ணை மூடித் தேடினார். பிறகு மெதுவாகத் தலையசைத்தார்.

"பஸ்ஸு இல்ல, ஜொவி. அத அவங்க வைக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்துதான் இருக்கு."

"சரி," என்றாள் அவள். "வாசல்ல இருந்து சொல்லுங்க."